உடனுக்குடன் காண்பது எப்படி?

"நேரலை" என்ற சொல் தமிழுக்கு அண்மையில் வந்து சேர்ந்தது. வானொலிக் காலத்தில் "நேர்முக வர்ணனை" என்றோம். தொலைக்காட்சி வந்தபின் "நேரடி ஒளிபரப்பு" என்றோம். இன்று கணனித் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டுடன் "நேரலை" என்று எழுதியிருக்கக் காண்கின்றோம். சொற்கள் மாறினாலும் அவை தரும் உறுதிமொழி ஒன்றே: நீர் இப்பொழுது காண்பது இப்பொழுது நடப்பது என்பதே அது. அந்த உறுதிமொழி எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகின்றது என்பதையும், காப்பாற்றப்படாதவிடத்து நாம் செய்யக்கூடியது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விடயம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. கணனியும் கமராவும் வகுப்பறைக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் நேரான தொடர்பு உண்டு.

வெப்கமரா எனப்படும் சிறு கமராவின் கண்ணில் விழுந்த ஒளி, திரையிலே படமாகத் தோன்றுவதற்கு முன் பல வாயில்களைக் கடக்க வேண்டும். ஒளி முதலில் சிறிது நேரம் திரட்டப்பட வேண்டும், திரண்ட ஒளி எண்களாக மாற வேண்டும், அவ்வெண்கள் யூ.எஸ்.பி. வடத்தின் வழியே கணனியை அடைய வேண்டும். அங்கே நினைவகத்தில் தம்முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர்ச் செய்நிரல் அவற்றை எடுத்து, வேண்டிய மாற்றங்களைச் செய்து, திரையில் வரைய வேண்டும். ஒவ்வொரு வாயிலும் சிறு சுங்கம் அறவிடுகின்றது. அச்சுங்கம் காலமே.

இங்கே இரு வேறு வினாக்கள் எழுகின்றன. ஒரு செக்கனில் எத்தனை படங்கள் திரைக்கு வருகின்றன என்பது ஒன்று; திரைக்கு வரும் படம் எவ்வளவு பழையது என்பது மற்றொன்று. முன்னதை எண்ணிக்கை என்றும் பின்னதைத் தாமதம் என்றும் கூறுவோம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். செக்கனுக்கு முப்பது படங்களை வழுவின்றிக் காட்டும் ஒரு செய்நிரல், அவற்றுள் ஒவ்வொன்றையும் இரண்டு செக்கன் பிந்திக் காட்டுதல் கூடும். அசைவு வழுக்கிச் செல்லும். பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். ஆயினும் அது நிகழ்காலம் அன்று.

கோப்பிப் பானை கற்பித்த பாடம்

வெப்கமராவின் வரலாறு ஒரு கோப்பிப் பானையிலிருந்து தொடங்குகின்றது. 1991 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஆராய்ச்சியாளர் பலருக்குப் பொதுவாகக் கோப்பி வடிக்கும் பானை ஒன்றே இருந்தது. அது "ட்ரோஜன் அறை" என்ற அறைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. மற்றை மாடிகளில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்க்கும்போது பானை வெறுமையாக இருப்பது வழக்கமாயிற்று. குவென்ரின் ஸ்ராஃபோர்ட் பிறேசர், போல் ஜார்டெற்ஸ்கி என்னும் இருவர் இக்குறையைத் தீர்க்க முன்வந்தனர். ஒரு கமராவைப் பானையை நோக்கி நிறுத்தினர். படத்தை எடுத்து வலையமைப்பில் வழங்கும் செய்நிரலை ஜார்டெற்ஸ்கி எழுதினார். அதைப் பெற்று ஒவ்வொருவரின் திரையிலும் காட்டும் செய்நிரலை ஸ்ராஃபோர்ட் பிறேசர் எழுதினார். 1993 ஆம் ஆண்டு நவம்பரில் அப்படம் உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆந் திகதி அக்கமரா நிறுத்தப்படும்வரை, அப்பானையைக் கண்ணாற் கண்டறியாத எத்தனையோ தேசத்து மக்கள் அதன் கோப்பி மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அந்தப் படம் நிறமற்றது, மிகச் சிறியது, நிமிடத்திற்கு ஏறத்தாழ மூன்று முறையே புதுப்பிக்கப்பட்டது. இன்று செக்கனுக்கு முப்பது படங்கள் கேட்கும் நமக்கு இது நகைப்பைத் தரலாம். ஆயின், பானை நிரம்புவது மெதுவாகவே. இருபது செக்கனுக்குள் அதன் நிலை பெரிதும் மாறிவிடுவதில்லை. கோப்பியின் கருமையை அறிய நிறம் தேவையில்லை. ஆகவே அக்கமரா தன் கடமையைச் சரிவரச் செய்தது. வேகம் என்பது தனித்து நிற்கும் ஒரு சிறப்பன்று; காணப்படும் பொருள் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதே வேண்டிய வேகத்தைத் தீர்மானிக்கின்றது. இந்த உண்மையை மனத்திற் கொண்டே மேலே செல்ல வேண்டும்.

ஒரு நுணுக்குக்காட்டியும் நாற்பது மாணவரும்

எங்கள் பாடசாலையின் உயிரியல் ஆய்வுகூடத்தில் நன்னிலையில் உள்ள நுணுக்குக்காட்டி ஒன்றே. உயர்தர வகுப்பு மாணவரோ நாற்பதின்மர். நாற்பது நிமிடப் பாடவேளையில் அனைவரும் வரிசையில் வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துச் சென்றால், ஒருவருக்கு ஒரு நிமிடமும் முழுமையாகக் கிட்டாது. அதனிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. குழாயினுள்ளே மாணவன் எதைக் கண்டான் என்பதை ஆசிரியர் அறிவதற்கு வழியில்லை. காற்றுக் குமிழியைக் கலம் என்று எண்ணி, அதன் தடித்த கரிய விளிம்பைக் கலச்சுவராக வரைந்து, பக்கத்தில் பெயரும் எழுதி வந்தவர்களை ஆண்டுதோறும் கண்டிருக்கின்றேன். பார்த்தவன் ஒருவன், திருத்த வேண்டியவர் வேறொருவர், இருவரும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் காண்பதில்லை. அவ்வாறிருக்கக் கற்பித்தல் எங்ஙனம் நிகழும்?

இதற்கு மாணவர் ஒருவர் வழி தேடினார். விலை குறைந்த வெப்கமரா ஒன்றை நுணுக்குக்காட்டியின் பார்வைவில்லைமேற் பொருத்தினார். பைத்தன் என்னும் கணனி மொழியில், ஓப்பன் சீவி என்ற இலவச மென்பொருள் நூலகத்தின் துணையுடன், ஒரு செய்நிரல் எழுதினார். அது கமராவின் படத்தைப் பெற்று, மங்கலான ஒளியைச் சீர்செய்து, கலங்களின் எல்லைகளைக் கோடிட்டுக் காட்டி, புறொஜெக்ரர் வழியாகச் சுவரில் விழச் செய்தது. வெங்காய மேற்றோலை வைத்தபோது வகுப்பு முழுவதும் வியந்தது. வெங்காயம் அசைவதில்லை.

அடுத்த வாரம் குளத்து நீர் ஒரு துளி வைக்கப்பட்டது. அப்பொழுதுதான் குறை புலப்பட்டது. பரமேசியம் நீந்திச் செல்லும் உயிர். அது பார்வை வட்டத்தை விட்டு விலகும்போது கண்ணாடி வழுக்கியை மெல்ல நகர்த்தி அதனைப் பின்தொடர வேண்டும். மாணவர் நகர்த்தினார், சுவரில் ஒன்றும் நிகழவில்லை. மேலும் நகர்த்தினார், முதல் அசைவு அப்போதே சுவரில் தோன்றியது. அது தோன்றியபோது கை நெடுந்தூரம் சென்றுவிட்டது. பரமேசியம் மறைந்தது. கண்ணும் கையும் ஒன்றையொன்று நம்பியே தொழில் செய்கின்றன. இடையே இரண்டு செக்கன் புகுந்துவிட்டால் அந்நம்பிக்கை முறிந்துவிடுகின்றது.

கணனி பழையது, புதியது வாங்குக என்பதே பலர் கூறிய தீர்ப்பு. அதற்கு வேண்டிய பணம் எங்களிடம் இல்லை. இருந்திருப்பினும் அப்பணத்தை இரண்டாவது நுணுக்குக்காட்டி ஒன்றிற்குச் செலவிடுதலே தகும். ஆகவே இருக்கும் கணனி தன் நேரத்தை எங்கே செலவிடுகின்றது என்று பார்க்க முடிவு செய்தோம்.

முதலில் அளத்தல்

விரைவுபடுத்த விரும்புவோர் முதலிற் செய்ய வேண்டியது அளத்தல். தாமதத்தை அளப்பதற்கு எளிய வழியொன்றுண்டு. கைத்தொலைபேசி ஒன்றில் செக்கனின் நூறிலொரு பங்கையும் காட்டும் ஓடு கடிகாரத்தை இயக்கிக் கமராவின் முன் வைக்க வேண்டும். கடிகாரமும், திரையில் தெரியும் அதன் பிம்பமும் ஒருங்கே அகப்படும்படி மற்றொரு தொலைபேசியாற் படம் எடுக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடே தாமதம். எங்கள் படத்தில் கடிகாரம் 24.31 என்றும், அதன் பிம்பம் 22.46 என்றும் காட்டின. அதாவது 1.85 செக்கன்.

அடுத்ததாகச் செய்நிரலின் ஒவ்வொரு படிக்கும் முன்னும் பின்னும் நேரம் குறித்தோம். மில்லிசெக்கன் என்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கமராவிடமிருந்து படத்தைப் பெற 10 மில்லிசெக்கன். ஒளியைச் சீர்செய்ய 340. கலங்களின் எல்லை காண 60. பெரிதாக்கித் திரையில் வரைய 20. ஆக, ஒரு படத்திற்கு 430 மில்லிசெக்கன். செக்கனுக்கு இரண்டு படங்களுக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இந்தப் பட்டியலைக் காண்பதற்கு முன்னர், திரையில் வரையும் பகுதியே சுமையானது என்று அம்மாணவர் நம்பியிருந்தார். அதை இருமடங்கு விரைவுபடுத்தியிருந்தால் 430 என்பது 420 ஆகியிருக்கும். எவரும் வேறுபாட்டை உணர்ந்திருக்கமாட்டார். ஒரு தொழிலின் சிறு பகுதியை எவ்வளவு விரைவுபடுத்தினாலும் முழுத் தொழிலின் பயன் அச்சிறு பகுதியின் அளவைத் தாண்டாது என்பதை, 1967 ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்னும் கணனி அறிஞர் எடுத்துரைத்தார். அவர் பெயரால் வழங்கும் விதி அதனடியாகவே பிறந்தது. பெரும் செலவு எங்கேயோ அங்கேயே கை வைத்தல் வேண்டும்.

அந்த 340 மில்லிசெக்கனுக்குக் காரணம் விளங்க நெடுநேரம் செல்லவில்லை. படத்தின் அகலம் 640 புள்ளிகள், உயரம் 480 புள்ளிகள், மொத்தம் 307,200. செய்நிரல் இவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டளை பிறப்பித்துக்கொண்டிருந்தது. பைத்தன் மொழி எழுதுவோருக்கு எளியது. ஆயினும் அதன் கட்டளை ஒவ்வொன்றும் நிறைவேறும்போதே பொருள் கொள்ளப்படுவதால், இலட்சக்கணக்கான முறை ஒரே கட்டளையைத் திருப்பிச் சொல்லும் வேலைக்கு அது ஏற்றதன்று. நூலகத்தில் இதே வேலையைப் படம் முழுவதற்கும் ஒரே அழைப்பிற் செய்யும் கருவி ஆயத்தமாக உண்டு. அதைப் பயன்படுத்தியதும் 340 என்பது 2 ஆயிற்று. ஒரு படத்திற்கு இப்பொழுது 92 மில்லிசெக்கன். செக்கனுக்குப் பதினொரு படங்கள்.

பழைய பத்திரிகை வாசிப்பவர்

எண்ணிக்கை உயர்ந்தது. ஆயினும் தாமதம் அரைச் செக்கன் அளவில் நின்றுவிட்டது. ஒரு படத்தை ஆயத்தம் செய்ய ஏறத்தாழப் பத்திலொரு செக்கனே செல்கையில், திரையிலுள்ள படம் அரைச் செக்கன் பழையதாக இருப்பது ஏன்?

இதனை ஓர் உவமையால் விளக்குவேன். நாள்தோறும் ஒரு பத்திரிகை வீட்டுக்கு வருகின்றது. வீட்டுக்காரர் மிகவும் நேர்மையானவர். ஓரெழுத்தும் விடாது வாசிப்பவர். ஒன்றை முடித்தே மற்றொன்றைத் தொடுவார். ஆனால் ஒரு பத்திரிகையை முடிக்க அவருக்கு மூன்று நாட்கள் செல்கின்றன. மாத முடிவில், முப்பதாந் திகதி அவர் கையில் இருப்பது பத்தாந் திகதிப் பத்திரிகை. அவர் வாசிப்பில் எவ்விதக் குறையும் இல்லை. எனினும் உலகம் அவரை இருபது நாட்கள் முந்திச் சென்றுவிட்டது. நாட்செல்ல அந்த இடைவெளி மேலும் வளரும்.

கமராவும் கணனியும் இந்நிலையிலேயே இருந்தன. கமரா செக்கனுக்கு முப்பது படங்கள் தருகின்றது. செய்நிரல் பதினொன்றையே எடுக்கின்றது. எஞ்சியவை வரிசையிற் காத்திருக்கின்றன. எங்கள் கமராவின் இயக்கி மென்பொருள் நான்கு படங்களை மட்டுமே வரிசையில் வைத்திருக்கும். அதனால் தாமதம் நான்கு படங்களின் அளவோடு நின்றது. வரிசைக்கு எல்லையே வகுக்காத செய்நிரல்களும் உண்டு. செக்கனுக்கு முப்பது வந்து பத்து மட்டும் எடுக்கப்படுமாயின், ஒரு நிமிடத்தின் பின் திரையிலிருப்பது நாற்பது செக்கனுக்கு முந்திய படம். அதற்குள் நினைவகத்தில் 1,200 படங்கள் குவிந்துவிடும். புள்ளிக்கு மூன்று பைற்று வீதம் கணக்கிட்டால், அவை நூற்றுப்பத்துக் கோடி பைற்றுகளை விழுங்கும். பின்னர்க் கணனி திணறி நின்றால் அதன் முதுமையைக் குறை கூறுகின்றோம்.

இதற்கு மருந்து, வேலையை இரு இழைகளாகப் பிரித்தல். ஓர் இழைக்குக் கமராவிடமிருந்து படத்தை இடைவிடாது பெறுவதே தொழில். அது புதிய படம் ஒன்றை மட்டுமே வைத்திருக்கும். அடுத்தது வந்தவுடன் முந்தியதை நீக்கிவிடும். மற்றை இழை தனக்கு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அந்த ஒன்றை எடுத்துச் செயற்படும். எழுதும் இழையும் எடுக்கும் இழையும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் பாதி பழையதும் பாதி புதியதுமான படம் தோன்றும். ஆதலால் இரண்டு இடங்களை வகுத்து, முழுமையாக எழுதி முடிந்தபின் இடம் மாற்றிக்கொள்ளச் செய்தல் வேண்டும்.

இவ்வழியைக் கேட்ட மாணவர் முதலில் உடன்படவில்லை.

"சேர், கமரா தாற படத்தில மூண்டில ரெண்டு பங்கை எறியிறம். அது நட்டமில்லையா?" என்றார்.

"நேற்றுப் போன பஸ்ஸுக்கு இண்டைக்கு நிண்டு என்ன பயன், தம்பி?" என்றேன்.

அவருடைய தயக்கம் நியாயமானதே. சேர்த்து வைத்தல் நற்பண்பு என்றும், கிடைத்ததை வீணாக்கலாகாது என்றும் பழகியவர்கள் நாம். ஆயினும் நேரடிக் காட்சியிலே பழைய படம் சேமிப்பு ஆகாது. அது புதிய படத்தின் வழியை மறித்து நிற்கும் தடையே. அதனை நீக்கியதும், கணனி முன்னையதிலும் கூடுதலாக ஒரு வேலையும் செய்யாமலே, தாமதம் பெரிதும் குறைந்தது.

வேலையைக் குறைத்தல்

அடுத்து, கலங்களின் எல்லை காணும் 60 மில்லிசெக்கனை நோக்கினோம். எல்லை காண்பதற்கு முழுப் படம் வேண்டியதில்லை. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கிய சிறு படத்தில் நாலிலொரு பங்கு புள்ளிகளே உண்டு. சிறு படத்தில் எல்லையைக் கண்டு, அதன் அளவுகளை இரண்டாற் பெருக்கி, முழுப் படத்தின்மேல் வரைந்தால் காண்போருக்கு வேறுபாடு தெரியாது. 60 என்பது 15 ஆயிற்று. படத்தைப் பெரிதாக்கும் வேலையைப் புறொஜெக்ரரிடமே விட்டபோது, திரையில் வரையும் 20 என்பது 10 ஆயிற்று. ஆக, ஒரு படத்திற்கு 27 மில்லிசெக்கன். கமரா 33 மில்லிசெக்கனுக்கு ஒன்றாகவே படம் தருவதால், இப்பொழுது கணனியே கமராவுக்காகக் காத்திருக்கலாயிற்று.

ஆயினும் நுணுக்குக்காட்டியின் உயர் வலுவில்லையைத் திருப்பியவுடன் எண்ணிக்கை பதினைந்தாக வீழ்ந்தது. செய்நிரலின் நேரங்களோ மாறவில்லை. ஆகவே குறை கணனியில் இல்லை என்பது தெளிவு. அது ஒளியில் இருந்தது. உருப்பெருக்கம் கூடும்போது காட்சி இருள்கின்றது. இருளிலே போதிய ஒளியைத் திரட்டக் கமரா தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைக்கின்றது. ஒரு படத்திற்கு 66 மில்லிசெக்கன் திறந்து வைத்தால் செக்கனுக்குப் பதினைந்து படங்களுக்குமேல் எங்ஙனம் வரும்? இது கமராவின் தானியங்கு அமைப்பு செய்யும் வேலை. மேடையின் கீழே சிறு எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை வைத்து, ஒளிகொள்ளும் நேரத்திற்கு ஓர் எல்லையும் விதித்தபின் முப்பது மீண்டது. வீட்டிலிருந்து வெப்கமரா வழியே கற்பிப்போரும் இதனைக் கவனித்தல் நன்று. யன்னலைத் திறந்து வைப்பது சில வேளைகளிற் புதிய கணனியிலும் மேலான பயனைத் தரும்.

வடத்தின் அகலம்

சுவரிலே படம் பெரிதாக விழுந்ததால் நுண்ணிய விவரங்கள் வேண்டும் என்று மாணவர் விரும்பினர். 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் கொண்ட படத்தைக் கேட்டபோது, கமரா செக்கனுக்குப் பத்துப் படங்களே தந்தது. இங்கே தடை வடத்தில் இருந்தது. கண் நிறத்திலும் பார்க்க ஒளிச்செறிவையே நுட்பமாக உணர்வதால், கமராக்கள் அயற்புள்ளிகளுக்கு நிறத்தைப் பொதுவாக வைத்துப் புள்ளிக்கு இரண்டு பைற்று அளவில் அனுப்புகின்றன. அவ்வாறு அனுப்பினும், முப்பது படங்களுக்குச் செக்கனொன்றில் 55,296,000 பைற்றுகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ 442 மெகாபிற்று. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0 முறையின் உச்ச வேகம் 480 மெகாபிற்று எனினும், ஒழுங்குகளுக்கும் குறிப்புகளுக்கும் செலவானதுபோக எஞ்சுவது அதனிலும் மிகக் குறைவு. ஆகவே படங்கள் வடத்தினுள் நெருக்குண்டு நின்றன.

தீர்வு, படத்தைக் கமராவிலேயே சுருக்கி அனுப்பும்படி கேட்பது. பல வெப்கமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் முறையிற் சுருக்கி அனுப்ப வல்லன. ஆனாற் செய்நிரல் கேட்டாலன்றிச் சில அவ்வாறு செய்வதில்லை. ஒரே வரிக் கட்டளையினால் பத்து என்பது முப்பதாயிற்று. சுருக்கத்தை விரிக்கும் வேலை கணனியின் தலையிற் சிறிது கூடியதாயினும், அது படம் பெறும் இழையிலே நடைபெற்றதால் காட்சி தடைப்படவில்லை.

இச்சுருக்க முறையின் உள்ளத்தில் இருப்பது ஒரு கணிதம். நசீர் அகமட், நடராஜன், ராவ் என்னும் மூவர் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே அது உலகுக்கு அறிமுகமாயிற்று. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்ல மாறும் பகுதியையும் விரைந்து மாறும் பகுதியையும் வேறுபடுத்தி, கண் பெரிதும் உணராத நுண்மாற்றங்களை விட்டுவிடுதலே அதன் பயன். இங்கும் விடத் தெரிதலே வேகத்திற்கு வழியாகின்றது.

எதை விடுவது?

எதை விடலாம், எதை விடலாகாது என்பதைக் கணனி தானாக அறியாது. அதனைக் காண்போரின் தேவையே கூற வேண்டும். இதற்குச் சிறந்த சான்று, அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஈவ் றிஸ்கின், றிச்சர்ட் லட்னர் முதலியோர் நடத்திய ஆராய்ச்சி. செவிப்புலனற்றோர் கைத்தொலைபேசி வழியே சைகை மொழியில் உரையாட உதவுவதே அவர்தம் நோக்கம். அக்காலத்துத் தொலைபேசி வலையமைப்பின் அகலமும் தொலைபேசியின் வலுவும் மிகக் குறைந்தவை. படம் முழுவதையும் ஒரே தரத்தில் அனுப்ப இயலாது. சைகை மொழியில் உரையாடுவோரின் கண்கள் பெரும்பாலும் எதிரிலிருப்பவரின் முகத்திலேயே நிலைத்திருக்கும் என்பதைப் பார்வை பற்றிய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆகவே முகத்தையும் கைகளையும் தெளிவாக அனுப்பிப் பின்னணியை மங்கலாக்கினர். ஒருவர் சைகை செய்யாது மற்றவரைக் கவனித்திருக்கும் வேளையில், அவர் பக்கத்துப் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து மின்கலத்தின் ஆற்றலைக் காத்தனர். பின்னணிச் சுவரின் அழகு போயிற்று, உரையாடல் நின்றது. பேசுவோருக்குப் படம் ஓர் அலங்காரம். சைகையாற் பேசுவோருக்கோ படமே மொழி. அங்கே படம் தடைப்படுவது நாவைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

குரல்வழி உரையாடலுக்கும் இவ்வாறான எல்லையுண்டு. ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குப் போதுமானது என்றும், 400 மில்லிசெக்கனைத் தாண்டலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகின்றது. தாமதம் மிகும்போது ஒருவர் முடித்துவிட்டார் என எண்ணி மற்றவர் தொடங்குகின்றார், இருவரும் மோதிக்கொள்கின்றனர், பின் இருவரும் மௌனமாகின்றனர். 2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு மாறியபோது ஆசிரியர் பலர் இதனை அனுபவித்தனர். வினாவுக்கு விடை வரப் பிந்தியபோது மாணவன் அறியவில்லை என்று கருதியோர் உண்டு. வலையமைப்பின் தாமதம் மாணவனின் அறியாமையாகத் தோன்றிற்று.

இதற்கு மறுதலையான தேவைகளும் உள. ஒரு சொற்பொழிவை ஆவணமாகப் பதிவு செய்வோருக்கு ஒரு படமும் தவறலாகாது. சில செக்கன் பிந்துவதால் அவருக்கு இழப்பில்லை. தெருவிற் செல்லும் வாகனங்களை எண்ணும் செய்நிரல் பழைய படங்களை வீசினால் அதன் கணக்கே பொய்த்துவிடும். அவர்களுக்கு நீண்ட வரிசையே நன்று. ஆகவே புதியதைக் காட்டுவதா, முழுமையானதைக் காட்டுவதா என்பதைச் செய்நிரல் எழுதுமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். இரண்டையும் குறையின்றித் தரப் போதிய வலு இல்லாதவிடத்து ஒன்றைத் தெரிந்துகொள்ளாமற் கலங்குவோர் இரண்டையும் இழப்பர்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இறுதியாக ஓடு கடிகாரத்தை வைத்து அளந்தபோது தாமதம் 0.12 செக்கன் ஆயிருந்தது. கணனி அதே பழைய கணனி, கமராவும் அதுவே. செலவு ஒரு சிறு விளக்கின் விலை. இப்பொழுது பரமேசியம் திசை திரும்பும்போது மாணவரின் கையும் திரும்புகின்றது. நாற்பதின்மரும் ஒரே உயிரை ஒரே நேரத்திற் பார்க்கின்றனர். ஒருவர் எழுந்து சுவரருகே சென்று விரலால் ஓர் இடத்தைச் சுட்டி, "இது கலமா, குமிழியா?" என்று கேட்க முடிகின்றது. அவ்வினாவுக்கு வகுப்பு முழுவதும் விடை தேடுகின்றது.

பழைய கணனிகளோடு வாழும் பாடசாலைகள் நம் நாட்டிற் பல. அவற்றின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். திரை பிந்துகின்றது என்று கண்டால், புதிய கணனிக்கு விண்ணப்பம் எழுதுமுன்னர் இரண்டு தொலைபேசிகளை எடுத்துத் தாமதத்தை அளந்து பாருங்கள். மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். ஒளி போதுமா, வடம் போதுமா, வரிசையில் எத்தனை படங்கள் காத்திருக்கின்றன, எந்தப் படி அதிக நேரத்தை விழுங்குகின்றது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அளந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். அதன் பின்னரும் புதிய கணனியே வேண்டும் என்று கண்டால், அந்த எண்களையே விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அத்தகைய விண்ணப்பத்தை மறுத்தல் எவருக்கும் எளிதன்று.